1729க்கு இந்த ஆண்டு விடுமுறை: ஐந்து பெரிய எண்களும் ஒரு கரும்பலகையும்

டிசம்பர் 22 நெருங்கினால் பள்ளிச் சுவர்களில் 1729 ஏறிவிடுகிறது. வண்ணத் தாளில் வெட்டி ஒட்டிய நான்கு இலக்கங்கள், பக்கத்தில் ராமானுஜன் படம், கீழே ஒரு டாக்சி. ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைக்கு அந்தக் கதை குறைந்தது ஐந்தாவது தடவை. இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதலாம் என்று நான் வாய் திறக்கும் முன்பே பின்வரிசை ஒப்பித்துவிடுகிறது. அந்த எண்ணின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது கணக்காக இல்லை, திருப்பாவை மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் கணித மன்றம் சனிக்கிழமை காலையில் கூடும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேருக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம், ஒரு கரும்பலகை, ஒரு பெட்டி சாக்பீஸ். கைபேசியும் கால்குலேட்டரும் வாசலிலேயே நின்றுவிடும். இந்த ஆண்டு கணித நாளுக்கு வேறொரு எண்ணை எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். பத்து இலக்கத்துக்குக் குறையாத எண்ணாக இருக்கட்டும் என்றும் வைத்துக்கொண்டேன். சின்ன எண்ணைப் பிள்ளைகள் வகுத்துப் பார்த்தே தீர்த்துவிடுவார்கள். பெரிய எண் அப்படி மசியாது. அதை வேறு வழியாக அணுக வேண்டியிருக்கும், அந்த வேறு வழிதான் எனக்கு வேண்டியது.

நோட்டுப் புத்தகத்தில் ஐந்து எண்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் எடை போட்டதைக் கீழே எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்கள் என் முடிவோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் வகுப்பு வேறு, என் வகுப்பு வேறு.

முதலில் 3816547290. ஏறக்குறைய 381 கோடி. பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து இலக்கங்களும் ஒவ்வொரு தடவை வந்திருக்கின்றன. முதல் இரண்டு இலக்கம் 38, அது இரண்டால் வகுபடும். முதல் மூன்று 381, அது மூன்றால். 3816 நான்கால், 38165 ஐந்தால், இப்படியே பத்து வரை போகும். பத்து இலக்கங்களையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி இதைச் செய்யும் எண் இது ஒன்றுதான்.

இதன் அழகு, விடையைச் சொல்லாமல் பிள்ளைகளையே கண்டுபிடிக்க வைக்கலாம் என்பது. பத்தாவது இடம் பூஜ்யம், ஐந்தாவது இடம் ஐந்து. இவை உடனே வந்துவிடும். இரட்டை இடங்களில் இரட்டை இலக்கங்கள்தாம் வர முடியும், ஆகவே ஒற்றை இடங்களுக்கு 1, 3, 7, 9 மிஞ்சும். நான்கின் சோதனையைப் போட்டால் நான்காவது இடத்தில் 2 அல்லது 6. எட்டின் சோதனையைப் போட்டால் எட்டாவது இடத்திலும் 2 அல்லது 6. அப்படியானால் இரண்டாவது, ஆறாவது இடங்களுக்கு 4, 8 போகின்றன. ஆறால் வகுபட வேண்டும் என்பதை வைத்து நடு மூன்று இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் 258, 654 என்று இரண்டே வழி. முப்பத்தாறு லட்சத்துச் சொச்சம் வரிசைகளில் தொடங்கிய தேடல் இந்த இடத்தில் பத்து எண்களாகச் சுருங்கிவிடுகிறது. கடைசியாக ஏழு வந்து அந்தப் பத்தில் ஒன்பதைத் தள்ளிவிடும். ஏழுக்கு எளிய வகுபடு விதி இல்லையே என்று ஆண்டு முழுவதும் குறைபட்டுக்கொள்கிறோம். இங்கே நாட்டாமை அதுதான்.

எட்டாம் வகுப்பாக இருந்தால் யோசிக்காமல் இதை எடுத்திருப்பேன். ஆனால் எனக்கு ஒரு தயக்கம். இந்தக் குணம் எண்ணுடையதா, நாம் அதைப் பத்தின் அடிமானத்தில் எழுதும் பழக்கத்துடையதா? நமக்குக் கையில் எட்டு விரல் இருந்திருந்தால் இந்த எண்ணுக்கு இந்தப் பெருமை கிடைத்திருக்காது. சட்டை அழகாக இருக்கிறது, ஆளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. விடை கிடைத்த பிறகு அங்கிருந்து வேறு எங்கும் போகவும் வழியில்லை. நல்ல புதிர், புதிராகவே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது 2147483647. இரண்டை முப்பத்தொரு தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தது, 2³¹ − 1. பிள்ளைகளுக்கு இதை அறிமுகப்படுத்துவது எளிது. பல கணினிகளில் 32 பிட்டில் வைக்கப்படும் முழு எண்ணின் உச்ச வரம்பு இது. 2014 டிசம்பரில் கொரியப் பாடல் ஒன்றின் யூடியூப் பார்வைக் கணக்கு இந்த எண்ணைத் தாண்டியபோது, அதற்கு இடம் கொடுக்க எண்ணியை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணிக்கொண்டு வரும் பழைய முறைக் கடிகாரங்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எண் வந்து சேரும். அதற்கு அடுத்த விநாடிக்கு அவற்றில் இடமில்லை. இன்று பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் காலம் அது. வகுப்பு நிமிர்ந்து உட்காரும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கணக்கு எங்கே? இது பகா எண் என்று 1772இல் ஆய்லர் காட்டினார். இதற்கு ஒரு காரணி இருக்க வேண்டுமென்றால் அதை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63தான் மீதி வர வேண்டும் என்று அவர் முதலில் கண்டுகொண்டார். வர்க்கமூலமான 46,340 வரை அப்படிப்பட்ட எண்கள் நானூறுகூட இல்லை. அவற்றிலும் பகா எண்களை மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அற்புதமான சிக்கனம். இருந்தாலும் என் வகுப்பில் அது எப்படி முடியும்? வகுத்தோம், மீதி வந்தது. மறுபடி வகுத்தோம், மீண்டும் மீதி வந்தது. பகா எண்ணைக் கரும்பலகையில் காட்டுவது, வீட்டில் ஆள் இல்லை என்பதை ஒவ்வொரு கதவாகத் தட்டி நிரூபிப்பது போல. ஏன் 248, ஏன் 63 என்பதற்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லவும் என்னால் முடியாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. கணினியில் இது எல்லையாக இருப்பதற்கும் இது பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பு இல்லை. எல்லையாக வருவது பிட் கணக்கினால். 32 பிட்டின் முழுக் கொள்ளளவான 4294967295 பகு எண்தான், அதுவும் இன்னொரு வகையில் எல்லையாகத்தான் நிற்கிறது. இரண்டு கதையையும் ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளைகள் ஒன்றை மற்றதற்குக் காரணமாக எடுத்துக்கொள்வார்கள். இதைப் பற்றி எனக்குப் பிடித்த துணுக்கு வேறு. இந்தப் பகா எண்ணிலிருந்து ஒரு செவ்விய எண் பிறக்கிறது. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வருவது. 1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, பயனற்ற இந்த வேலையை இதற்கு மேல் யார் செய்யப்போகிறார்கள் என்ற பொருளில் எழுதினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இதே இனத்துப் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். பயனில்லாத வேலைக்கு ஆள் எப்போதும் கிடைக்கிறார்கள்.

மூன்றாவதை நான் ஏற்கெனவே ஒருமுறை வகுப்பில் எடுத்து மூக்கு உடைபட்டிருக்கிறேன். 147573952589676412927, அதாவது 2⁶⁷ − 1. பதினான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் கோடி கோடி. 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இது பகா எண் என்று தன் பட்டியலில் சேர்த்தார். 1876இல் எதுவார் லூக்கா, இது பகு எண் என்று நிறுவினார். ஆனால் காரணி எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. காரணியைக் கண்ணில் காட்டாமலே காரணி உண்டு என்று நிறுவுவது எப்படி என்பதே ஒரு நல்ல கேள்வி. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், பலகையின் ஒரு பக்கம் இந்த எண்ணையும் மறுபக்கம் 193707721 × 761838257287 என்ற பெருக்கலையும் போட்டு, இரண்டும் ஒன்று என்று காட்டிவிட்டு உட்கார்ந்தாராம். மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின என்று பின்னர் சொன்னதாகவும் கதை.

கதை கேட்டவுடன் எனக்கும் ஆசை வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் கோலைப் போலவே வாயைத் திறக்காமல் பெருக்க ஆரம்பித்தேன். ஒன்பது இலக்கத்தைப் பன்னிரண்டு இலக்கத்தால் பெருக்குவது என்றால் பலகை நிறைய வரிசைகள். ஐந்தாவது வரிசையில் ஒரு மாணவி கை தூக்கினாள்; நான் பேசக்கூடாது என்ற நாடகத்தில் இருந்ததால் கண்டுகொள்ளவில்லை. முடிவில் விடை தப்பு. கை தூக்கியவள் அப்போதே பிழையைப் பார்த்திருக்கிறாள். மௌனம் கோலுக்குப் பொருந்தியது, எனக்குப் பொருந்தவில்லை.

அன்றைக்கு உருப்படியாக நடந்தது கடைசி பத்து நிமிடம்தான். ஒன்பதை நீக்கிப் பார்க்கும் பழைய சோதனையைப் போட்டோம். முதல் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, அதிலிருந்து 10, அதிலிருந்து 1. இரண்டாவதைக் கூட்டினால் 64, அதுவும் 1இல் முடிகிறது. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. பெரிய எண்ணின் இருபத்தொரு இலக்கங்களைக் கூட்டினால் 109, அதுவும் 1. என்னுடைய தவறான விடை 4 தந்தது. வகுப்பில் யாரும் அந்தச் சோதனையை மறக்கவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தபோது இன்னொன்று கிடைத்தது: கோலின் முதல் காரணியில் ஒன்றைக் கழித்தால் 193707720, அது 134ஆல், அதாவது 67இன் இரண்டு மடங்கால், மீதியின்றி வகுபடுகிறது. இந்த எண்ணின் காரணிகள் அனைத்தும் அப்படித்தான் இருந்தாக வேண்டும். கோல் இருட்டில் தடவவில்லை, எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று தெரிந்துதான் தேடினார். இவ்வளவு இருந்தும் ஒரு மணி நேர வகுப்புக்கு இந்த எண் ஒத்துவராது. பார்வையாளராக இருக்கத்தான் இதில் இடம் உண்டு. பிள்ளைகள் கை வைக்க இடம் இல்லை.

மிஞ்சிய இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி.

ராமானுஜன் பிறந்த நாளுக்கு ராமானுஜனுடைய எண்ணே வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு 1729ஐ விடப் பல மடங்கு பொருத்தமானது 6746328388800. ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரம் கோடி. 1915இல் லண்டன் கணிதச் சங்க வெளியீட்டில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று உயர் பகு எண்களைப் பற்றியது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிகக் காரணிகள் கொண்ட எண்ணுக்கு அந்தப் பெயர். 12க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது. 24க்கு எட்டு, 36க்கு ஒன்பது, 60க்குப் பன்னிரண்டு, 360க்கு இருபத்து நான்கு. மணிக்கு அறுபது நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று பழைய மனிதர்கள் ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பது இங்கே தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையை வைத்துத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் வழியே இளங்கலைப் பட்டம் தந்தது. சங்கத்துக்குப் பண முடை இருந்ததால் அவர் எழுதியதில் ஒரு பகுதி அச்சேறவில்லை. அந்த மிச்சம் 1997இல்தான் வெளிவந்தது.

அந்தக் கட்டுரையில் உள்ள பட்டியலின் கடைசி எண் 6746328388800. இதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. ஆறாம் வகுப்பில் படித்த காரணிச் செடி போதும், பதின்மூன்று இலக்க எண் அடங்கிவிடுகிறது. வகுப்பில் இதை வைத்து ஒரு விளையாட்டு நடத்தலாம். எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு, எதனால் வகுத்தால் மீதி வரும் என்று கேட்பது. 7? வராது. 13? வராது. 16, 25, 27? இல்லை. ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எதைச் சொன்னாலும் மீதி இல்லை. 29இல்தான் முதல் முறையாகக் கதவு மூடும். ஏன் 29 என்று கேட்டால், மேலே உள்ள பெருக்கலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1 என்று இறங்குவரிசையில் இருப்பதும் தற்செயல் அல்ல. 2² × 3⁴ என்பது 324, 2⁴ × 3² என்பது 144. இரண்டுக்கும் பதினைந்து காரணிகள்தாம். அதே காரணிகளை மலிவாக வாங்க வேண்டுமென்றால் பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுக்க வேண்டும். சந்தையில் காய் வாங்கத் தெரிந்த எவருக்கும் இந்த நிரூபணம் புரியும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1தான், விதிவிலக்கு 4ம் 36ம் மட்டுமே என்று ராமானுஜன் நிறுவியிருக்கிறார்.

இதைவிடச் சுவையான இடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போயிருக்கிறது. 195545750400க்கு அடுத்து அவர் பட்டியல் 321253732800க்குத் தாவுகிறது. நடுவில் வந்திருக்க வேண்டியது 293318625600. அதற்கு 5,040 காரணிகள். முன்னதற்கு 4,608, பின்னதற்கு 5,376. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கிப் பார்த்தேன். 6746328388800 வந்தது. பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே விடுபட்ட எண் உட்கார்ந்திருக்கிறது. இரவு பத்தரை மணிக்கு இதைக் கண்டுபிடித்தபோது எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆள் தேடினேன். ராமானுஜனும் ஒன்றைத் தவற விடுவார் என்பது, நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னார் என்ற கதையை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது நல்லது. கையால் கணக்குப் போட்ட மனிதர் அவர்.

அப்புறம் ஏன் இதையே எடுக்கவில்லை? ஒரே காரணம்தான். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை என்பதுதான் இந்த எண்ணின் முழுப் பெருமையும். அதை என்னால் வகுப்பில் நிறுவ முடியாது. அறுபதுக்கு நிறுவலாம், 360க்குக்கூட முயலலாம். ஆறு லட்சம் கோடிக்குப் பிள்ளைகள் என் வார்த்தையை நம்ப வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தாங்களே செய்து பார்த்தவர்களிடம், முக்கியமானதை மட்டும் நம்பச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. மன்றம் ஆறு, ஏழாம் வகுப்புக்கு என்றால் இந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல. அங்கே இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

நான் எடுத்தது 18446744073709551615. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று அறுபத்து நான்கு கட்டமும் நிரப்பினால் வரும் கூட்டுத்தொகை, 2⁶⁴ − 1. கதை எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் இதை முதலில் நான் ஒதுக்கி வைத்திருந்ததற்குக் காரணம். அம்பலப்புழை கோயிலில் பால் பாயசம் வந்த விதத்துக்கும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்: கிழவர் வேடத்தில் வந்த கிருஷ்ணனிடம் தோற்ற அரசன் அரிசிக் கடனைத் தீர்க்க முடியாமல் தினமும் பாயசமாகக் கொடுக்கிறான். ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தம் 46,000 கோடி டன். உலகம் இப்போது ஓர் ஆண்டில் விளைவிக்கும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சல். இதுவரை சொல்லிவிட்டு, பெருக்குத் தொடர்வரிசை எவ்வளவு வேகம் பார்த்தீர்களா என்று பாடத்தை முடித்துவிடுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்தேன். எண்ணை ஒருமுறைகூட உடைத்துப் பார்த்ததில்லை.

உடைப்பதற்கு ஒன்பதாம் வகுப்பின் முற்றொருமை ஒன்று போதும்: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். 2⁶⁴ − 1 என்பது (2³² + 1)(2³² − 1). இரண்டாவது அடைப்பு மறுபடியும் அதே வடிவம். அது (2¹⁶ + 1)(2¹⁶ − 1). உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இருபது இலக்க எண் ஐந்து நிமிடத்தில், ஒரு வகுத்தல்கூடப் போடாமல், ஆறு துண்டு. வெங்காயம் உரிப்பது போலத்தான், கண்ணீர் மட்டும் இல்லை.

துண்டுகளைப் பாருங்கள் என்று வகுப்பிடம் சொல்ல வேண்டும். 3 பகா எண். 5, 17 பகா எண்கள். 257ஐப் பதின்மூன்று வரை வகுத்துப் பார்த்தால் அதுவும் பகா எண். 65537க்குச் சற்று உழைக்க வேண்டும், அதுவும் அப்படியே. அடுத்ததும் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மாவும் அப்படித்தான் நம்பினார். 1732இல் ஆய்லர் வந்து 4294967297ஐ 641 வகுக்கும் என்று காட்டினார்.

ஆய்லருக்கு 641 எப்படிக் கிடைத்தது? இந்த எண்ணின் எந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் 64ஆல் வகுபட வேண்டும் என்று அவரே பின்னர் நிறுவினார். அந்த வடிவத்தில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கதவு திறக்கிறது. ஆனால் வகுக்காமலே நிரூபிக்க ஒரு வழி உண்டு. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம், அதாவது வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துப் போடும் கணக்கு, படித்தவர்களுக்கு அது நான்கு வரி. 641 என்பது 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. ஆகவே 641ஐப் பொறுத்தவரை 5 × 2⁷ என்பதும் −1 என்பதும் ஒன்று. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. மறுபக்கம் 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴க்குப் பதில் −2⁴ என்று எழுதலாம். பதிலிட்டால் −2³² என்பது 1 ஆகிறது. அப்படியென்றால் 2³² + 1ஐ 641 மீதியின்றி வகுக்கிறது. 641 என்ற எண் 640 + 1 ஆகவும் 625 + 16 ஆகவும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் முழு சூட்சுமமும். இதை முதல் தடவை படித்தபோது ஏமாற்றப்பட்டதைப் போல உணர்ந்தேன். இரண்டாவது தடவை எழுதிப் பார்த்தபோதுதான் நம்பினேன்.

மறுபாதிக் காரணி 6700417. அதுவும் உடையுமா என்று யாராவது கேட்டால் அதற்கும் நேரம் இருக்கிறது. லூக்கா, மெர்சென் எண்ணில் பார்த்த அதே லூக்கா, காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64 மட்டும் அல்ல, 128ஆலேயே வகுபட வேண்டும் என்று கூர்மைப்படுத்தினார். அந்த விதியை மட்டும் பிள்ளைகள் என்னிடமிருந்து கடனாக வாங்கிக்கொள்ள வேண்டும். 6700417இன் வர்க்கமூலம் 2,588. அதுவரை அந்த வடிவத்தில் உள்ள பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. ஐந்து பெஞ்சுக்கு ஆளுக்கு ஒரு வகுத்தல். எல்லாருக்கும் மீதி வரும். மீதிகளை நான் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறேன்: 170, 44, 120, 334, 622. ஆய்லரின் பகா எண்ணில் நானூறு கதவு தட்டப் பயந்தேன், இங்கே ஐந்துதான்.

நேரம் மிஞ்சினால் மட்டும் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். கடைசித் துண்டை விட்டுவிட்டு 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கினால் 4294967295. இதன் காரணிகள் முப்பத்திரண்டு. ஒன்றைத் தவிர்த்த மற்ற முப்பத்தொன்றும், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையக்கூடிய ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்களின் பக்க எண்ணிக்கைகள். இன்றுவரை தெரிந்தவை இவ்வளவுதான். பதினேழு பக்கத்தை வரையலாம் என்று 1796இல் காஸ் கண்டபோது அவருக்கு வயது பத்தொன்பதுகூட ஆகவில்லை. மேலே ஓர் இடத்தில் 32 பிட்டின் கொள்ளளவு என்று போகிற போக்கில் சொன்ன எண் இதுதான். பிட்டுக்காக வந்தது வடிவியலுக்குள் போய்விட்டது. ஏழு பக்கம் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை.

குறை இல்லாமல் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டு எண்கணிதம் இன்னும் வரவில்லை, அவர்களுக்காக −1க்குச் சமம் என்பதைப் பத்து நிமிடம் சொல்ல வேண்டியிருக்கும். கதை பழையது, ஆகவே முதல் மூன்று நிமிடம் கொட்டாவி நிச்சயம். அரிசியை எடுத்துக்கொண்டு வந்து கட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன் என்று ஒரு பையன் கிளம்புவான். பத்தாவது கட்டத்துக்கு மேல் அவனைத் தடுக்க வேண்டும்.

641இன் நிரூபணம் முடிந்த பிறகும் வகுத்தே பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். 4294967297ஐ 641ஆல் நீள்வகுத்தல். முதல் படியில் 6, மீதி 448. அடுத்தது 7, மீதி வெறும் 2. அங்கே ஈவில் அடுத்தடுத்து இரண்டு பூஜ்யம் வரும். பாதிப் பேர் ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிடுவார்கள். பிறகு 4, பிறகு 1, மீண்டும் அதே 448. கடைசி 7ஐ இறக்கினால் 4487, இரண்டாம் படியில் 4489ஐச் சந்தித்தபோது கழித்த அதே எண். அன்று ஐந்தாவது வரிசையில் கை தூக்கிய மாணவியின் தம்பி இப்போது ஒன்பதாம் வகுப்பு. சாக்பீஸை அவனிடம் கொடுத்துவிட்டு நான் பின்வரிசையில் உட்காரப்போகிறேன்.